கட்டைவிரல் மறைத்த பன்னிரண்டு நாள்

4/11 செவ்வாய்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. நோட்டு என் வீட்டுக்காரருடையது. முன்பக்கம் எல்லாம் அவர் பயிற்சிக் காலத்தில் வரைந்த படங்கள்: பம்ப், வால்வு, கடல்நீர்க் குழாய். பின்பக்கத்திலிருந்து நான். அவர் பெயரை முழுதாக எழுதக் கை வரவில்லை. மு. போதும்.

காலையிலிருந்து மழை. மகள் யாழினியின் துணி ஒன்றும் காயவில்லை. மின்விசிறிக்குக் கீழே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். வீடு முழுக்க ஈர வாடை.

பகல் பதினொன்றரைக்கு மு.வின் போன். கப்பலிலிருந்து பகலில் போன் வந்தால் நல்லதாக இராது. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் எட்டு வாரத்துக்கு மேல் வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல். ஞாயிற்றுக்கிழமைதான் முறை வந்து நகர்ந்திருக்கிறது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் வரவில்லை. சூடேறி நின்றுவிட்டது. அடுத்து ஜெனரேட்டரும். கப்பல் முழுக்க இருட்டு. காற்று தள்ள, நங்கூரம் போட்டிருந்த மற்ற கப்பல்கள் பக்கமாக மிதந்து போயிருக்கிறது. இழுவைப் படகுகள் வந்து பிடித்து நிறுத்தின. யாருக்கும் அடி இல்லை. அதை மூன்று தடவை சொன்னார்.

"ஏட்டி, உள்ள பூரா சிப்பி. கொத்துக் கொத்தா. குழாய்க்குள்ள கையே போகல."

செகண்ட் சார்தான் (செகண்ட் இன்ஜினியர், கொச்சிக்காரர், மு.வுக்கு நேர் மேலதிகாரி) ஒரு பகலும் ஒரு ராத்திரியும் குனிந்து நின்று சுரண்டி எடுத்தாராம். ஓடு கீறி இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருக்கிறதாம். மு. குரல் உடைந்திருந்தது. நான் யாழி பல்லைப் பற்றிச் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன்?

நாளை ஊசி. கார்டு எடுத்து வைக்க. பாராசிட்டமால் சொட்டு மருந்து பாதிதான் இருக்கிறது.

5/11 புதன்

மழை விட்டுவிட்டு. ஜி.ஹெச்சில் ஊசி வரிசை வாசல் வரை. குருவிகுளத்திலிருந்து வந்த பெண் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. யாழி ஊசிக்கு அழவில்லை, நர்ஸ் பேனாவை வாங்கிக்கொண்டதற்கு அழுதாள்.

மத்தியானம் அவள் தூங்கியதும் இந்த நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினேன். கடல்நீர்க் குழாய்ப் படம். கப்பலின் அடிவயிற்றில் தண்ணீர் எடுக்கும் வாய், வடிகட்டி, பம்ப், குளிர்விப்பான். வாய்ப்பக்கம் இரண்டு கோடு, சிவப்புப் பேனாவில்: செம்புத் தண்டு. அதில் கொஞ்சமே கொஞ்சம் மின்சாரம் விட்டால் செம்பு தண்ணீரில் கரையும். நாக்குக்குத் தெரியாத அளவு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுக்கு அது போதும், குழாயில் ஒட்டாமல் போய்விடும். தண்டு கரைந்து தீர்ந்தால் மின்சாரம் குறையும், பிறகு பூஜ்யம். அப்புறம் குழாய் அதுகளுடைய வீடு. வெதுவெதுப்பான தண்ணீர், உணவு தானாக வரும், மீன் தொல்லை கிடையாது.

வேதியியல் படித்தவள் நான். இந்தப் படத்தைக் கல்யாணம் ஆன புதிதில் மு. எனக்கு விளக்கியபோது, அவர் சொல்லி முடிக்கும் முன்னே மீதியை நான் சொன்னேன். "ஏ, நீயே கப்பலுக்கு வந்திருலாம் போலயே" என்று சிரித்தார்.

அதனால்தான் ஆரம்பித்தது. யாழி பிறந்து பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு எனக்குக் கை சும்மா இருந்தது. அவருக்கு அங்கே தூங்க நேரம் இல்லை. அந்தச் செம்புத் தண்டின் மின்சார அளவை தினமும் தாளில் குறிக்க வேண்டும், மாதக் கடைசியில் எக்செல்லில் தட்டி அனுப்ப வேண்டும். தாளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். நான் தட்டிக் கொடுப்பேன். அவர் அதை செகண்ட் சாரின் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அங்கிருந்து சென்னை ஆபீஸுக்குப் போகும். கப்பல் தாளை வெளியே காட்டக்கூடாது என்று இருவருக்கும் தெரியும். வீட்டுக்குத்தானே என்று இருந்தோம். எனக்கு ஒரு பெருமைகூட. புளி கரைத்த கையோடு நான் தட்டிய எண் கடல் தாண்டிப் போகிறது என்று.

அக்டோபர் தாள் கப்பல் நகரும் அவசரத்தில் வரவே இல்லை. செப்டம்பர் பைலைத் திறந்தேன்.
1 முதல் 18 வரை: 0.8, 0.8, 0.7, 0.8, இப்படி.
19 முதல் 30 வரை: 0.8. பன்னிரண்டு நாளும் 0.8.

மூடிவிட்டேன்.

ஊசி போட்ட தொடை கல் மாதிரி. ஐஸ் ஒத்தடம். இரண்டு தடவை பால் கக்கினாள்.

6/11 வியாழன்

வெயில். துணி காய்ந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதவும் முடியவில்லை.

காலை பத்து மணிக்கு மு. பேசினார். சென்னை ஆபீஸ் அதிகாரி கப்பலுக்கே வந்துவிட்டாராம். மேசையில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாராம். ஒன்று மு. கையால் எழுதிய தாள். 19ஆம் தேதியிலிருந்து 0.6, 0.3, 0.1, பிறகு பூஜ்யம், பூஜ்யம். இன்னொன்று நாங்கள் அனுப்பிய அறிக்கை. அதில் 0.8.

அக்டோபரில் செகண்ட் சார் புதுச் செம்புத் தண்டு கேட்டு எழுதியிருக்கிறார். ஆபீஸ் அறிக்கையைப் பார்த்திருக்கிறது. கருவி நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்து, அடுத்து கப்பலைப் பழுதுபார்க்க மேலே ஏற்றும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் பதில். காரணம் இன்னதென்று எழுதவில்லையாம். கப்பலில் இருந்தவர்கள், ஆபீஸ் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். அந்த வாரங்களில்தான் வளர்ந்தது எல்லாம்.

அதிகாரி சொல்வது: அறிக்கை பொய், இல்லாவிட்டால் தாள் கப்பல் நின்ற பிறகு உட்கார்ந்து எழுதியது. எப்படியும் மு. பொய்க்காரர். சர்ட்டிபிகேட் போகும். முதல் கப்பல் இது அவருக்கு, இன்ஜினியராக.

பிறகு மு. கேட்டார். இயல்பாகத்தான் கேட்டார். சந்தேகமே இல்லாத குரல்.

"ஏட்டி, எம் போன்ல அந்த போட்டோ, பைல் எல்லாம் அழிச்சாச்சு. நீ போட்டது போட்டோல உள்ளபடிதான?"

"ஆமா. உள்ளபடிதான்."

வாயிலிருந்து வந்துவிட்டது. யாழி காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுப்பில் குக்கர். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. யோசிக்காமல் வந்ததுதான் இன்னும் மோசம்.

"அப்ப அந்த செகண்டுதான் மாத்திருக்கான். அவன் கம்ப்யூட்டர்ல இருந்துதான போச்சு. ஆபீஸ்ல நல்ல பேர் வாங்கணும்லா."

போன் வைத்த பிறகு குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை. பருப்பு கரி.

நடந்தது இது. இங்கேயாவது உள்ளபடி.
அக்டோபர் 1. யாழிக்குக் காய்ச்சல், உடம்பு அனல். மு. அனுப்பிய போட்டோவில் தாளின் கீழ்ப்பகுதியை அவர் கட்டைவிரலும் அதன் நிழலும் மறைத்திருந்தன. 18க்குக் கீழே எண் தெரியவில்லை. "விரல் மறைக்குது, திரும்ப அனுப்புங்க" என்று போட்டேன். ஒரு டிக். மத்தியானம் வரை ஒரு டிக். அன்றைக்குள் போக வேண்டிய அறிக்கை. யாழியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் 18ஆம் தேதிக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். பன்னிரண்டு கட்டமும் நிரம்பியது. எட்டு மாதமாக மாறாத எண், இனியா மாறப் போகிறது. பைலை அனுப்பினேன். அவருக்கு இரட்டை வேலை வேண்டாம் என்று முந்தைய மெசேஜை அழித்தேன். அப்புறம் ஆஸ்பத்திரி. சாயங்காலம் பார்த்தீர்களா என்றதற்கு, நீ போட்டா சரியாத்தான் இருக்கும் என்றார். காய்ச்சல் இறங்கியது. மறந்துபோனேன். சத்தியமாக மறந்துபோனேன்.

போனில் அந்த இடத்தில் இன்னும் இருக்கிறது: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது.

7/11 வெள்ளி

அத்தை (மு.வின் அம்மா) விடியும் முன்னே குளித்துவிட்டு நின்றார்கள். கோயிலுக்கு. வெள்ளிக்கிழமைக் கூட்டம். யாழி பிரசாதப் புற்றுமண்ணைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அது நல்லதுதான் என்றார்கள் அத்தை.

மகனுடைய கப்பலைக் கெடுத்தது ஏதோ கடல் பூச்சி என்று மட்டும் அத்தைக்குத் தெரியும். தேள் கடிக்கும் பாம்பு பயத்துக்கும் இங்கே தகர உருவம் வாங்கி உண்டியலில் போடுவதுதானே வழக்கம். உருவத் தட்டுக்காரியிடம் போய் நின்றார்கள்.

"சிப்பி உருவம் இருக்காம்மா?"

"சிப்பியா? அது யாரையும் கடிக்காதேம்மா. நண்டு வேணா பாக்குதேன்."

"நண்டு என்னத்தட்டி செஞ்சிச்சு, பாவம். இது குழாய்ல போயி ஒட்டிக்கிடுமாம், கழத்தவே முடியாதாம்."

"ஒட்டுறதுதான? அப்ப பல்லி வாங்கிக்கிடுங்க. அதும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும்."

பல்லி வாங்கி உண்டியலில் போட்டார்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. தட்டில் பாம்பு, தேள், கண், கால், கை எல்லாம் இருந்தது. தகரக் கை, ஐந்து விரலும் சேர்ந்து. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை இழுத்துப் போனார்கள்.

வரும் வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அத்தை பூ பேரம் பேசத் தொடங்கிவிட்டார்கள். சாக்கு.

சாப்பிடவில்லை. பால் குறைகிறது. யாழிக்குத் தெரிகிறது, கடிக்கிறாள்.

8/11 சனி

மாமாவுக்கு (மு.வின் அப்பா) மத்தியானச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனேன். பைப், மோட்டார் கடை. கல்லாவுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் மு. படம், மாலை போடாத குறை. மேசையில் பாதியாக அறுத்த இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று. உப்புத் தண்ணீர் ஓடி ஓடி உள்ளே வெள்ளையாகப் படிந்து, பென்சில் நுழையும் துவாரம்தான் மிச்சம். பழைய பைப்பை மாற்றத் தயங்குகிறவர்களுக்குக் காட்டுவதற்கு வைத்திருக்கிறார். யாழி அதில் விரலை விட்டாள். பிடுங்கி எடுத்தேன், கத்தினாள்.

கரிவலத்திலிருந்து மோட்டாருக்கு வந்த ஒருவரிடம் மாமா கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மு. அவரிடமும் பேசியிருக்கிறார் போல. கொச்சிக்காரன் என் மகன் எழுதியதை மாற்றி அனுப்பிவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெயர்கூடச் சொன்னார். அந்தப் பெயர் கடைவீதி முழுக்கப் போயிருக்கும்.

வந்தவர் குழாய்த் துண்டை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. ஒம்ம மவன் அனுப்பும்போது ஒரு தடவ பாக்கலியா?"

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்பிக் குடுத்திருக்கான்வே. கூட இருக்கவன நம்பாம எப்படி?"

தூக்குவாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ரசம் ஊற்றிக் கொடுக்காமலே.

சாயங்காலம் மூன்று விஷயம்.
ஒன்று: மு. மெசேஜ். திங்கள் காலை எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். செகண்ட் சார் பெயரைப் போட்டு எழுதப் போகிறாராம். நீ மட்டும் என்னை நம்புதேல்லா, அது போதும் என்று முடித்திருந்தார்.
இரண்டு: செகண்ட் சாரின் மனைவியிடமிருந்து மெசேஜ். கப்பல்காரர்கள் மனைவிகள் குழுவில் பழக்கம், பார்த்ததில்லை. யாழிக்குப் பல் வலிக்குக் கேரட்டைக் குளிர வைத்துக் கடிக்கக் கொடு என்று போன மாதம் சொன்னவர். இன்று: குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா? உன் குரல் கேட்டு நாளாகிறது, தைரியமாக இரு, எல்லாம் சரியாகும். அவர் வீட்டுக்காரரின் இரண்டு கையிலும் கட்டு. எனக்குத் தைரியம் சொல்கிறார்.
மூன்று: கேஸ் தீர்ந்துவிட்டது.

செகண்ட் சார் மனைவிக்குப் பதில் போடவில்லை. இதயம் மட்டும் அழுத்தினேன். அதையும் எடுத்துவிட்டேன்.

9/11 ஞாயிறு

மேகம். மழை இல்லை. அத்தை கீரை ஆய்ந்துகொண்டு, மாமா பேப்பர், யாழி பாயில் தூக்கம். எல்லார் வீட்டு ஞாயிறும் போலத்தான்.

சொல்லாமல் இருந்தால்: பத்து வருஷம் கடலில் இருந்த ஒரு மனிதர் மேல் பொய்யான பழி. அதை எழுதுகிறவர் என் வீட்டுக்காரர், உண்மை என்று நம்பிக்கொண்டு.
சொன்னால்: கப்பல் தாளை வீட்டுக்கு அனுப்பி மனைவியைத் தட்ட வைத்ததற்கு அவர் வேலை போகலாம். போகும். இந்த வீட்டில் என் முகத்தை யார் பார்ப்பார்கள். அவர் பார்ப்பாரா.

மத்தியானம் அந்த போட்டோவைத் திறந்தேன், இந்த வாரத்தில் முதல் தடவையாக. பெரிதாக்கினேன். கட்டைவிரல், நகத்தில் கிரீஸ். அதன் நிழல். சும்மா, கை போன போக்கில் வெளிச்சத்தைக் கூட்டினேன். நிழல் கலைந்து அடியில் எழுத்து வந்தது. 19: 0.6. 20: 0.3. அதற்கும் கீழே நகத்தின் ஓரத்தில் 0.1. மீதிதான் விரலுக்கு அடியில்.

அன்றைக்கே வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்திருந்தால் போதும். அவ்வளவுதான் வேலை. அரை நிமிஷம்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் அத்தை, கண்ணு ஏன்ட்டி செவந்திருக்கு என்றார்கள். சோப்பு என்றேன். நம்பினார்கள். இந்த வீட்டில் எல்லாரும் நான் சொல்வதை நம்புகிறார்கள்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. நாலு பத்துக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒரு டிக். இப்போது வரை ஒரு டிக். வாக்குமூலத்துக்கு முன் போய்ச் சேருமா தெரியவில்லை. மறுபடியும் அழித்துவிடுவேனோ என்று பயம். அதனால் வரி மாறாமல் இங்கே எழுதி வைக்கிறேன், அழிக்க முடியாத இடத்தில்:

"வாக்குமூலம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். செகண்ட் சார் எதையும் மாற்றவில்லை. மாற்றியது நான். போட்டோவில் உங்கள் விரல் மறைத்த பன்னிரண்டு நாளுக்கும் மேலே இருந்த எண்ணையே இழுத்து நிரப்பினேன். அன்றைக்கு அழித்த மெசேஜ், போட்டோவைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டதுதான். வியாழக்கிழமை நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். போட்டோவை வெளிச்சம் கூட்டி இதோடு அனுப்பியிருக்கிறேன். அதில் 0.6, 0.3, 0.1 தெரிகிறது, அக்டோபர் ஒன்றாம் தேதி எடுத்த போட்டோ. தாள் பிறகு எழுதியது இல்லை என்பதற்கு அது போதும். அதைக் காட்டினால் எனக்கு அனுப்பியதும் தெரிந்துபோகும், அதுவும் எனக்குத் தெரியும். அவர் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர் கையில் இருக்கும் கட்டு என்னால் வந்தது. மாமாவிடமும் அத்தையிடமும் நானே சொல்கிறேன். யாழி நன்றாக இருக்கிறாள், கீழே இரண்டாவது பல் வந்துவிட்டது. திட்டுவதானாலும் திட்டுங்கள், பேசாமல் மட்டும் இருக்க வேண்டாம். பார்த்ததும் பதில் போடுங்கள். ஒரு வரி போதும். சீக்கிரம்."